வீட்டில் இரத்த அழுத்தக் கருவி: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின் என் மதிப்பீடு

மேற்கையில் பட்டை சுற்றி அளக்கும் மின்னணு இரத்த அழுத்தக் கருவி ஒன்று எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. அம்மா இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர்; நான் மாத்திரை எடுப்பதில்லை என்றாலும் என் அளவு எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்கிறது. இருவரும் ஒரே கருவியைத்தான் பயன்படுத்துகிறோம். கருவியைப் பற்றி எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் அது காட்டும் எண், அளப்பவர் உட்காரும் விதத்திற்கேற்ப மாறக்கூடியது என்பதை ஏற்றுக்கொள்ளும் வீட்டுக்கே அது பயன் தரும்.

அது வேலை செய்யும் முறையை அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் 1905-இல் விவரித்த முறைப்படி, ஸ்டெதஸ்கோப் வைத்து அளப்பவர் இரத்தக்குழாயில் எழும் ஒலியைக் கேட்கிறார். வீட்டுக் கருவிக்குக் கேட்கும் காது இல்லை. பட்டையின் காற்று மெல்ல இறங்கும்போது நாடித்துடிப்பால் அதில் ஏற்படும் சிறு அதிர்வுகளை உணர்ந்து, தயாரிப்பாளர் வகுத்த கணக்கின்படி மேல் அளவையும் கீழ் அளவையும் மதிப்பிட்டுச் சொல்கிறது. ஆகவே அடுத்தடுத்து அளக்கும்போது எண்கள் சற்று வேறுபடுவது இயல்பு. அதைப் பழுது என்று எண்ண வேண்டியதில்லை. இதயத்துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களிடம் இந்த மதிப்பீட்டின் நம்பகத்தன்மை குறையும் என்பதால், ஒழுங்கற்ற துடிப்பைக் குறிக்கும் அடையாளம் திரையில் அடிக்கடி தோன்றினால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வாங்குபவர்கள் திரையின் அளவையும் நினைவகத்தையும் ஒப்பிடுகிறார்கள். பட்டையின் அளவை யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை அளந்து, அது பட்டையில் அச்சிடப்பட்டுள்ள எல்லைக்குள் வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பெரும்பாலான கருவிகளுடன் வரும் பட்டை ஏறத்தாழ 22 முதல் 32 செ.மீ. வரையிலான கைகளுக்கு உரியது. பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் உண்மையைவிட அதிகமான அளவும், மெலிந்த கையில் பெரிய பட்டையைச் சுற்றினால் குறைவான அளவும் வரும். அம்மாவுக்கும் எனக்கும் கையளவு வேறு என்பதால் இரண்டு பட்டைகள் வைத்திருக்கிறோம். இந்தக் கருவிக்காகச் செய்த செலவில் மிகவும் பயனுள்ளது அந்த இரண்டாவது பட்டைதான் என்பேன்.

அடுத்தது உட்காரும் முறை. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்திருக்க, கால் மேல் கால் போடாமல், பாதங்கள் தரையில் பதிய ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின்னரே அளக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, புகை, உடற்பயிற்சி எதுவும் கூடாது. பட்டை சுற்றிய கை மேசை மீது இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். கை 10 செ.மீ. தாழ்ந்தாலே அளவு ஏறத்தாழ 7 அல்லது 8 புள்ளிகள் கூடும். மணிக்கட்டில் கட்டும் கருவிகளை நான் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம்: மணிக்கட்டை ஒவ்வொரு முறையும் இதயத்தின் உயரத்தில் நிறுத்துவது பலருக்குக் கைகூடுவதில்லை. அளக்கும்போது பேசக் கூடாது என்ற விதியைக் கடைப்பிடிப்பதுதான் எங்கள் வீட்டில் மிகக் கடினம். பட்டை இறுகத் தொடங்கும் நேரத்தில்தான் அம்மாவுக்கு ஏதாவது நினைவுக்கு வரும்.

தொடக்கத்தில் இரண்டு கைகளிலும் அளந்து, அதிகம் காட்டும் கையைத் தொடர்ந்து பயன்படுத்துவது நல்லது. மருத்துவரைப் பார்க்கச் செல்வதற்கு முந்தைய ஒரு வாரம் காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை அளந்து நோட்டில் எழுதுகிறோம். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுக்கிறோம். மருத்துவமனையில் 140/90 என்பது எல்லையாகக் கொள்ளப்படும்போது, வீட்டுச் சராசரிக்கு 135/85 என்ற எல்லை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. அம்மாவுக்கு மருத்துவர் அறையில் எப்போதுமே அளவு ஏறிவிடும். வீட்டுச் சராசரி எல்லைக்குள் இருந்ததை நோட்டில் பார்த்த பிறகே, மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டாம் என்று மருத்துவர் முடிவெடுத்தார். இதற்கு மாறாக, மருத்துவமனையில் சரியாகவும் வீட்டில் அதிகமாகவும் இருப்பவர்களும் உண்டு. அவர்களைக் கண்டறிய வீட்டில் அளப்பது பெரிதும் உதவுகிறது.

இந்தக் கருவியால் வரும் தொல்லை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒருமுறை அதிகம் காட்டியதும் பதற்றத்தில் மீண்டும் மீண்டும் அளப்பதும், அந்தப் பதற்றத்தாலேயே அளவு ஏறுவதும் பல வீடுகளில் நடக்கிறது. ஒற்றை எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதோ நிறுத்துவதோ அதைவிட ஆபத்தானது. குறித்த நேரங்கள் தவிர மற்ற வேளைகளில் எங்கள் கருவி அலமாரியில்தான் இருக்கும். ஆனால் அளவு 180/120-ஐத் தாண்டி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் வலுவிழத்தல் போன்றவற்றில் ஏதேனும் இருந்தால் மறுபடி அளந்துகொண்டிராமல் உடனே அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். அறிகுறி எதுவும் இல்லையென்றால் சில நிமிடம் ஓய்ந்திருந்து மீண்டும் அளந்து, அப்போதும் குறையவில்லை எனில் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும்.

கைபேசிச் செயலியுடன் இணைக்கும் வசதியைச் சில வாரங்களிலேயே கைவிட்டோம். இரண்டு பேருடைய அளவுகளும் அதில் கலந்துவிடுகின்றன, நோட்டில் அந்தச் சிக்கல் இல்லை. பேட்டரி தளர்ந்தால் கருவி பிழைக்குறியைக் காட்டும், மாற்றினால் சரியாகிவிடும். உழைப்பில் முதலில் தேய்ந்தது பட்டையின் ஒட்டுப் பகுதி. அதே நிறுவனத்தின், அதே மாதிரிக்கு உரிய பட்டையையே வாங்கினோம். வேறு பட்டையைப் பொருத்தினால் கருவியின் கணக்கு பொருந்தாமல் போகலாம். ஆண்டுக்கு ஒருமுறை கருவியை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று, அங்குள்ள அளவுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்கிறோம்.