ஸ்லீவ், பைபாஸ் செய்து சில ஆண்டுகளான பிறகு: எடை எந்த வழியாகத் திரும்புகிறது?

ஸ்லீவ், பைபாஸ் இரண்டும் எடைக் குறைப்பு ஆபரேஷன்கள். ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்து மீதியைக் குழாய்போல ஆக்குவார்கள். பைபாஸில் (இதய பைபாஸ் அல்ல) இரைப்பையைச் சிறு பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைப்பார்கள். இவற்றில் முதல் ஒன்றரை ஆண்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். ஸ்வீடனில் உடல் பருமன் உள்ளவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த, 1987-ல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். ஆய்வில், பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுக்குள் சராசரியாக 32 சதவீத எடை குறைந்தது. பத்தாம் ஆண்டில் அந்தக் குறைவு 25 சதவீதமாகிவிட்டது. ஆக, கொஞ்சம் ஏறுவது இயல்பு. இரண்டு கிலோ கூடியதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் விடாதீர்கள்.

முதலில் தட்டைப் பாருங்கள். சுருக்கிய வயிறு கெட்டியான உணவைத்தான் தடுக்கும். சிக்கன், முட்டை, சுண்டல் என்றால் சில வாயிலேயே நெஞ்சுக்குக் கீழே இறுக்கம் தெரியும். மிக்சர், முறுக்கு, பிஸ்கட் அப்படியல்ல. டீயோடு சேர்ந்து கூழாகி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிறு நிறைந்ததே தெரியாது. நூறு கிராம் மிக்சரில் சுமார் 500 கலோரி. "கொஞ்சம்தானே சாப்பிடுறேன்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. வேளைக்குக் கொஞ்சம்தான், ஆனால் நாள் முழுக்கக் கொறிக்கிறார்கள். குழைந்த தயிர் சாதம், சர்க்கரை போட்ட காபி, ஜூஸ், மது எல்லாம் இதே ரகம். பைபாஸ் செய்தவர்களுக்கு மது சட்டென்று ஏறும். அடிமையாகும் ஆபத்தும் கூடுதல்.

புரதம் தினமும் 60 முதல் 80 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு இட்லியில் ஏறக்குறைய 2 கிராம்தான். இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்தால் காலைக் கணக்கு 4 கிராமோடு முடிந்தது. அதனால் முட்டையோ பனீரோ முதலில், இடமிருந்தால் இட்லி. புரதமும் உடற்பயிற்சியும் குறைந்தால் தசை கரையும், உடல் செலவழிக்கும் கலோரியும் குறைந்துபோகும்.

சாப்பாடு சரியாக இருந்தும் ஏறினால் மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். இன்சுலின், சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு, ஸ்டீராய்டு, மனநல மருந்துகளான மிர்டாசபின், ஒலான்சபின் ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். தைராய்டு டெஸ்டும் தேவை. அடுத்தது எண்டோஸ்கோபி, பேரியம் எக்ஸ்ரே. ஸ்லீவ் விரிந்திருக்கலாம், அல்லது இரைப்பையின் மேல்பகுதி வெட்டாமல் மிஞ்சியிருக்கலாம். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது அங்கேதான். பைபாஸில் இரைப்பைப் பையும் சிறுகுடலும் இணையும் வாய் அகன்றிருக்கலாம்.

மறு ஆபரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம். முதல் தடவையைவிட அதில் ஆபத்து அதிகம், பலன் குறைவு. ஸ்லீவுக்குப் பின் கடும் எதுக்களிப்பும் இருந்தால் பைபாஸுக்கு மாற்றுவதில் நியாயம் உண்டு. மற்றபடி பசியைக் குறைக்கும் செமக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகளைப் பற்றி முதலில் கேளுங்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கும் இவை வேலை செய்கின்றன. நிறுத்தினால் எடை திரும்பும் என்பதால் செலவை நீண்ட காலத்துக்குக் கணக்குப் போடுங்கள்.

எடை ஏறியதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஃபாலோ-அப்புக்கே போகாமல் இருப்பவர்கள் நிறைய. தயவுசெய்து போங்கள். எடை முழுக்கத் திரும்பினாலும் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி குறைபாடு வரும் வாய்ப்பு அப்படியேதான் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் தினசரி மாத்திரைகளும் ஆயுள் முழுக்க வேண்டும்.