‘ஒருமுறை சுட்டது’ என்று விற்கும் பித்தளை உறைகள்: வாங்கும் முன் படியுங்கள்

டெக்சஸில், சுட்டு முடித்த பித்தளை உறையில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துச் சொந்தமாகத் தோட்டா அடைக்கும் நம்மவர்கள் சிலர் இருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாவுக்கு "லேக் சிட்டி ராணுவ உறை, ஒருமுறை மட்டும் சுட்டது, எல்லாம் ஒரே ஆண்டு, அடைக்கத் தயார்" என்று ஆன்லைனில் ஒருவர் விளம்பரம் போடுகிறார். 500 வாங்கினேன். நகைக்கடை ஷோகேஸ் மாதிரி மின்னிக்கொண்டு வந்தன. வில்லங்கமே அந்த மினுமினுப்பில்தான்.

உறைகளைக் கவிழ்த்து அடிப்பக்க முத்திரையைப் பார்த்தேன். லேக் சிட்டி என்ற அமெரிக்க ராணுவத் தோட்டாத் தொழிற்சாலையின் எல்.சி. எழுத்துக்குப் பக்கத்தில் தயாரித்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். ஒரே ஆண்டாம்! அரை டஜன் ஆண்டுகள் கலந்து கிடந்தன, நடுவில் சாதாரண வணிக உறைகளும். ராணுவ உறைக்குப் பொதுவாகச் சுவர் தடிமன், உள்ளே இடம் குறைவு. ஒரே அளவு மருந்து போட்டாலும் அதில் அழுத்தம் கூடும். என் ரெமிங்டன் 700 ரைஃபிளுக்கு நானே அடைப்பது, தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறக்கூடாது என்பதற்காக. 100 கஜத்தில் இந்தக் கலப்படம் அவ்வளவாகத் தெரியாது. 600 கஜத்தில் மேலும் கீழுமாகச் சிதறும்.

அதையாவது பிரித்து எடுத்துச் சமாளிக்கலாம். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை லேசாக வளைத்து, உறைக்குள் விட்டு அடியிலிருந்து மேலே சுவரோடு இழுத்துப் பார்த்தேன். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பல உறைகளில் பள்ளம் தட்டுப்பட்டது. ஒன்றை நெடுக்காக அறுத்தால், அந்த இடத்தில் சுவர் தேய்ந்து தகடாகி இருந்தது. எந்திரத் துப்பாக்கியின் தளர்வான சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) நீண்டதோ, பலமுறை அடைத்துச் சுட்டதோ, எனக்குத் தெரியாது. அடுத்த சூட்டில் அங்கேதான் உறை இரண்டாக அறும். சூடான வாயு, சேம்பரைப் பின்னால் மூடும் போல்ட் பக்கம், அதாவது நம் முகத்துப் பக்கம் வரும்.

வெளியே பார்த்தால் இது தெரியாதா என்று கேட்பீர்கள். நீண்ட உறையில் அந்த இடத்தில் வெளிறிய வளையம் தெரியும். பாலிஷ் போட்டால் போச்சு. லேக் சிட்டி உறையின் கழுத்தில், தயாரிக்கும்போது சூடுபடுத்திய நிறம் அப்படியே இருக்கும், அதுவும் போச்சு. உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைச் சுற்றி ராணுவத் தோட்டாவில் அடிக்கும் நெருக்குப் பிடிப்புதான் ஒருமுறை சுட்டதற்கு நல்ல சாட்சி; புது பிரைமர் வைக்க அதை வழித்தாக வேண்டும். "உங்களுக்கு வேலை மிச்சம்" என்று அதையும் வழித்து, நீளத்தையும் வெட்டி வைத்திருக்கிறார். தயார் செய்தேன் என்று அவர் சொல்லும் ஒவ்வொரு வேலையும் ஒரு தடயத்தை அழித்திருக்கிறது. வாங்கினால் அழுக்கோடு, பழைய பிரைமரோடு வாங்குங்கள். அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

விற்றவரிடம் கேட்டதற்கு, "உங்கள் ரைஃபிளைச் செக் பண்ணுங்கள் சார்" என்றார். அவர் விற்ற உறை ஒன்றைக்கூட நான் சுடவே இல்லை! நண்பருக்குப் பணம் அனுப்பும் வழியில் தரச் சொன்னது ஏன் என்று பிறகு புரிந்தது. அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. பணம் திரும்பவில்லை.

உறைகளின் வாயை இடுக்கியால் நசுக்கித்தான் பழைய உலோகக் கடையில் போட்டேன். அப்படியே கொடுத்திருந்தால் மறுபடி பாலிஷ் ஏறி யாராவது ஒருவர் வீட்டுக்குப் பார்சலில் போயிருக்கும்.