மாசாய் மாராவில் எங்கே தங்கலாம்: கேட் ஓரமா, ரிசர்வுக்கு உள்ளேயா, கன்சர்வன்சியா?

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காட்டில் எந்த லாட்ஜ் நல்லது என்று யாராவது கேட்டால், நான் திருப்பி ஒரே கேள்விதான் கேட்பேன்: காலை ஆறரை மணிக்கு எங்கே இருக்கப் போகிறீர்கள்?

சிங்கம் தன் வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடும். ஒன்பது மணிக்கு மேல் புதரடியில் மல்லாந்துவிட்டால் மாலை வரை காதை மட்டும்தான் ஆட்டும். அந்த முதல் இரண்டு மணி நேரம் நீங்கள் புல்வெளியில் இருப்பீர்களா, கேட் வரிசையில் நிற்பீர்களா என்பதைத் தீர்மானிப்பது தங்குமிடம். நீச்சல்குளம், கட்டிலுக்கு மேல் தொங்கும் வெள்ளைக் கொசுவலை, மெத்தையில் தூவிய பூ, இவையெல்லாம் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதை வைத்துத் தேர்ந்தெடுத்து நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

இரண்டு தடவை போனேன். 2024 ஆகஸ்டில் கேட் ஓரத்தில் தங்கினோம். அடுத்த பிப்ரவரியில் இரண்டு இரவு ரிசர்வுக்கு உள்ளே, இரண்டு இரவு கன்சர்வன்சியில், அதாவது ரிசர்வை ஒட்டி வனவிலங்குக்காக ஒதுக்கிய தனியார் நிலத்தில்.

முதலில் இடத்தின் அமைப்பு. கென்யாவின் தென்மேற்கு மூலையில், தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவை ஒட்டி, சுமார் 1,510 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருப்பது மாசாய் மாரா தேசிய ரிசர்வ். நிர்வாகம் நரோக் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) கையில். குறுக்கே மாரா ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு மேற்கே இருக்கும் பகுதிக்கு மாரா ட்ரையாங்கிள் என்று பெயர். அதை 2001 முதல் தனியாக ஒரு லாப நோக்கற்ற அமைப்பு கவனித்துக்கொள்கிறது. ரிசர்வுக்கு வடக்கிலும் கிழக்கிலும் மாசாய் என்ற உள்ளூர்ப் பழங்குடிக் குடும்பங்களின் பட்டா நிலங்கள். அந்த நிலங்களைச் சேர்த்து உருவானவைதான் கன்சர்வன்சிகள்: நபோய்ஷோ, ஓலாரே மொட்டொரோகி, மாரா நார்த், ஓல் கின்யேய் என்று பல. நடுவில் வேலி கிடையாது. யானைக்கும் கழுதைப்புலிக்கும் எல்லாம் ஒரே காடு. டிக்கெட் நமக்குத்தான்.

டிக்கெட் கணக்கு

இதைப் புரிந்துகொள்ளாமல் லாட்ஜ் வாடகையை மட்டும் ஒப்பிடுவது வீண். வெளிநாட்டுப் பெரியவருக்கு ரிசர்வ் நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 2024இல் வந்த கட்டணம் இது. டிக்கெட் செல்லுபடியாவது காலை 6 முதல் மாலை 6 வரை, பன்னிரண்டு மணி நேரம். உள்ளே தங்குபவர்கள் கடைசி நாள் காலை பத்து மணிக்குள் வெளியேறிவிட்டால் அன்றைக்கு டிக்கெட் இல்லை. வெளியே தங்குபவர்களுக்கு நுழைகிற ஒவ்வொரு நாளும் ஒரு டிக்கெட்.

நைரோபியிலிருந்து காலையில் கிளம்பினால் கேட் ஓர முகாமுக்கு மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் போய்ச் சேருவீர்கள். "சாயங்காலம் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமா?" என்று டிரைவர் உற்சாகமாகக் கேட்பார். ஆகஸ்ட் மாதம் நாங்களும் உற்சாகமாகத் தலையாட்டினோம். இரண்டு மணி நேரத்துக்கு இருவருக்கும் சேர்த்து 400 டாலர் போயிற்று. பார்த்தது ஒரு நெருப்புக்கோழியும் தூரத்தில் நாலு வரிக்குதிரையும். மறுநாள் காலை முதல் மாலை வரை சுற்றியதற்கும் அதே 400தான்.

கேட் ஓர முகாம்கள்

செகெனானி, டாலெக் கேட்டுகளைச் சுற்றி இவை வரிசையாக இருக்கின்றன. கித்தான் கூடாரம், உள்ளே கட்டில், பின்னால் சிமென்டில் கட்டிய குளியலறை. சாப்பாட்டோடு ஒருவருக்கு 70 டாலர் அளவில் கிடைக்கும். செகெனானி வரை இப்போது தார் ரோடு. நைரோபியிலிருந்து ஐந்து, ஆறு மணி நேரம்.

எங்கள் முகாமின் விளம்பரத்தில் "கேட்டிலிருந்து ஐந்தே நிமிடம்" என்று போட்டிருந்தது. பொய் இல்லை, ஐந்து நிமிடம்தான். ஆனால் கேட்டில் முன்னால் இருபது வேன் நின்றது. பணம் கட்டிய ரசீதைச் சரிபார்த்து உள்ளே விடுவதற்கு அரை மணி. அங்கிருந்து மிருகங்கள் கூடும் சமவெளிக்கு இன்னும் முக்கால் மணி. நாங்கள் முதல் சிங்கத்தைப் பார்த்தபோது அது ஏற்கெனவே படுத்துவிட்டது. ராத்திரி பக்கத்து ஊரிலிருந்து ஸ்பீக்கர் சத்தம், பத்து மணி வரை ஜெனரேட்டர் சத்தம். கழுதைப்புலி கத்துவதைக் கேட்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லவில்லை.

அதற்காகக் கேட் ஓரமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது சிக்கனம் என்று நம்பிப் போகாதீர்கள். ஆகஸ்டில் ஒரு முழு நாளுக்கு எங்கள் இருவரின் செலவு: தங்குமிடம் 140, டிக்கெட் 400, டிரைவரோடு லேண்ட் க்ரூசர் 250. ஆக 790 டாலர். அதில் தங்குமிட வாடகை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை இன்னும் இருபது டாலர் குறைக்கத்தான் நான் நான்கு நாள் ராத்திரி கண்விழித்து இணையத்தில் தேடியிருக்கிறேன்!

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் போகிறீர்கள், ஜனவரி, பிப்ரவரியில் போகிறீர்கள், ஒரே ஒரு முழு நாள் உள்ளே இருந்தால் போதும் என்றால் கேட் ஓரம் சரியான தேர்வு.

ரிசர்வுக்கு உள்ளே

இங்கே இரண்டு ரகம். ஒன்று பெரிய லாட்ஜ்: கீகொரோக், சரோவா மாரா, மாரா செரீனா போன்றவை. இன்னொன்று கவர்னர்ஸ் போன்ற ஆற்றோரக் கூடார முகாம்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது செரீனா. ட்ரையாங்கிளில் குன்றின்மேல் இருக்கிறது. கூடாரம் இல்லை, சுவர் வைத்த அறைகள், மாசாய்க் குடிசை வடிவில். கீழே சமவெளியும் ஆறும் விரிந்து கிடக்கும். முட்டிவலிக்காரர்கள் ஒருநாள் வண்டியில் ஏறாமல் பால்கனியில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தால்கூட நஷ்டமில்லை. ட்ரையாங்கிளில் மண் பாதைகளும் ஒழுங்கு. ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியை அங்கே ரேஞ்சர்கள் ஓரளவு கறாராக நடத்துகிறார்கள்.

கீகொரோக் 1960களிலிருந்து இருக்கும் பழைய லாட்ஜ். மரப்பலகைப் பாலத்தில் நடந்து போனால் நீர்யானைக் குளம். சரோவா மாரா செகெனானி கேட்டை ஒட்டி உள்ளே இருக்கிறது. ரோடு வழியாக வருபவர்களுக்கு வசதி. ஆனால் ஆற்றங்கரைக்குப் போக நல்ல தூரம்.

ஆற்றை ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், ஜூலை முதல் அக்டோபர் வரை வருபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மனதில் இருப்பது ஒன்றே ஒன்று: வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் ஒரு மான் இனம்) கூட்டம் முதலைகளுக்கு நடுவே மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி. அது ரிசர்வுக்குள்தான் நன்றாகக் கிடைக்கும். நேரம் சொல்லி வராது. ஆகஸ்டில் நாங்கள் கரையில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். கூட்டம் விளிம்பு வரை வந்தது, ஒன்று முன்னங்காலைத் தண்ணீரில் வைத்தது, பிறகு என்ன நினைத்ததோ, எல்லாம் திரும்பிப் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டன. எண்ணிப் பார்த்தேன், எங்களோடு நாற்பத்திமூன்று வண்டிகள். உள்ளே தங்கியிருந்தால் மறுநாள் மறுபடி முயன்றிருக்கலாம். கேட் ஓரத்திலிருந்து வந்தவர்கள் ஆறு மணிக்குள் வெளியேற வேண்டும் என்பதால் ஐந்துக்கே கிளம்பினோம். நாங்கள் போன பிறகு கடந்ததாம். டிரைவர் அதை எங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

உள்ளே தங்குவதில் ஒரு குறை உண்டு. பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது. சிவிங்கிப்புலி எண்பது மீட்டர் தள்ளிப் புல்லுக்குள் உட்கார்ந்திருந்தால் எண்பது மீட்டர் தள்ளித்தான் பார்க்க வேண்டும். இருட்டிய பிறகு சஃபாரி கிடையாது. நடைப்பயணமும் கிடையாது.

கன்சர்வன்சி

பாதையை விட்டு இறங்கலாம், ராத்திரி சஃபாரி போகலாம், துப்பாக்கி ஏந்திய ஆளோடு நடந்தும் போகலாம். ஆனால் சொந்த வண்டியோ நைரோபி வேனோ அங்கே சுற்ற முடியாது. முகாமின் வண்டி, முகாமின் கைடு. நபோய்ஷோவில் 350 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று கணக்கு. ஐந்து வண்டி விதி இங்கேயும் உண்டு. பிப்ரவரியில் நாங்கள் பார்த்த எதன் பக்கத்திலும் எங்களைத் தவிர இன்னொரு வண்டிக்கு மேல் இருந்ததில்லை.

இதன் பொருளாதாரம் எனக்குப் பிடித்தது. நபோய்ஷோ 2010இல் தொடங்கியது. 500க்கும் மேற்பட்ட மாசாய் நிலச் சொந்தக்காரர்கள் தங்கள் துண்டுகளைச் சேர்த்துக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். முகாம்கள் சேர்ந்து மாதாமாதம் குத்தகை கட்டுகின்றன. ஆடுமாடு மேய்ச்சலை எங்கே, எப்போது என்று முறை வைத்து நடத்துகிறார்கள். எங்கள் கைடின் அப்பா நிலமும் அதில் ஒரு துண்டு. "அந்த மரம் தெரியுதா, அதுவரை எங்களுது" என்று போகிறபோக்கில் காட்டினார். அந்த மரத்தடியில் அப்போது இரண்டு சிங்கங்கள் படுத்திருந்தன.

வசதி விஷயத்தில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். எங்கள் முகாமில் ஷவர் என்பது கூடாரத்துக்குப் பின்னால் கம்பத்தில் தொங்கிய இருபது லிட்டர் வாளி. சாயங்காலம் ஆறரைக்கு வெளியே ஒருவர் நின்று "மாஜி மோட்டோ?" என்று குரல் கொடுப்பார். சுவாஹிலியில் வெந்நீர். சரி என்றால் கயிற்றை இழுத்து வாளியை ஏற்றுவார். சோப்புப் போடும்போது குழாயை மூடாவிட்டால் தலை நுரையோடு நிற்க வேண்டியதுதான். நான் நின்றேன். இருட்டிய பிறகு தனியாக நடக்கவே கூடாது. சாப்பிடப் போகவும் திரும்பவும் அஸ்காரி என்ற காவல்காரர் டார்ச்சோடு கூட வருவார். சமவெளியே கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் ராத்திரி நன்றாகக் குளிரும். படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைத்திருந்தார்கள். சொல்லாமல் வைத்ததால் கால் பட்டதும் ஏதோ பிராணி என்று நான் போட்ட சத்தத்தில் அஸ்காரி திரும்பி ஓடிவந்தார்.

ராத்திரி சஃபாரியில் சிங்கம் வரவில்லை. சிவப்புக் கண்ணாடி மாட்டிய விளக்கில் ஸ்ப்ரிங்ஹேர் பார்த்தோம். முயல் மாதிரி ஒரு கொறிவிலங்கு, குட்டிக் கங்காரு போலத் தத்தித் தத்திப் போகும். ரிசர்வில் தங்கும் யாருக்கும் இது கிடைக்காது.

விலை? பிப்ரவரியில் எங்களுக்கு ஒருவருக்கு ஓர் இரவு 400 டாலரைத் தாண்டியது. சாப்பாடு, தினமும் இரண்டு சஃபாரி, கன்சர்வன்சி கட்டணம் எல்லாம் அதற்குள். மேலே ஆகஸ்ட் கணக்கை மறுபடி பாருங்கள்: கேட் ஓரத்தில் தலைக்கு 395. ஆகஸ்டில் இதே முகாம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றைக் கடக்கும் காட்சிக்காக ரிசர்வுக்குள் போனால் அன்றைய 200 டாலர் டிக்கெட் தனி. போய்ச்சேரவும் நேரம் பிடிக்கும். வில்டபீஸ்ட்தான் குறி என்றால் கன்சர்வன்சியை மட்டும் நம்ப வேண்டாம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வயது வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடைப்பயணத்துக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு வயதாகியிருக்க வேண்டும்.

முன்பதிவுக்கு முன்

எந்த முகாமுக்கு எழுதினாலும் கூடாரப் படம் கேட்காதீர்கள். வண்டியில் எத்தனை பேர், எல்லோருக்கும் ஜன்னல் சீட் உண்டா, கைடு எந்த நிலை என்று கேளுங்கள். கென்யாவில் கைடுகளுக்கு வெண்கலம் (ப்ரான்ஸ்), சில்வர், கோல்டு என்று தேர்வு வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். சில்வர் கைடோடு சாதாரணக் கூடாரம், கத்துக்குட்டியோடு மார்பிள் குளியலறை என்று இரண்டு வாய்ப்பு இருந்தால் நான் முதலாவதுக்குத்தான் போவேன்.

சைவச் சாப்பாடு பெரிய கவலை இல்லை. கென்யாவில் குஜராத்திகள் தலைமுறைகளாக இருப்பதால் சப்பாத்தி அங்கே உள்ளூர்ச் சாப்பாடு ஆகிவிட்டது. பெரிய லாட்ஜ்களில் பருப்பும் சோறும் நிச்சயம். சின்ன முகாம்களுக்கு முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து பறந்தால் முக்கால் மணி, ஒரு மணி நேரம். சின்ன விமானம் ஒவ்வொரு புல்தரையாக இறங்கி ஆளை இறக்கிவிட்டுப் போகும், டவுன் பஸ் மாதிரி. ஆளுக்குப் பதினைந்து கிலோ, அதுவும் துணிப்பை. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது.

அடுத்த முறைக்கு நான் குறித்து வைத்திருப்பது இப்படி: ஜூன் கடைசி வாரம், டிக்கெட் 100 டாலராக இருக்கும்போதே, செரீனாவில் இரண்டு இரவு, அதன்பின் கன்சர்வன்சியில் மூன்று. இந்த வரிசையை மாற்றக் கூடாது. சிங்கத்தைத் தனியாகப் பார்த்துப் பழகியவனை மறுநாள் நாற்பது வண்டிக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினால், அவன் சிங்கத்தைப் பார்க்க மாட்டான், வண்டியைத்தான் எண்ணிக்கொண்டிருப்பான்.