ஜன்னலோர சீட்டில் 14 வருஷ இந்திப் படங்கள்

வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஓர் இந்திப் படத்தைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை முயன்று பார்த்தேன். இருபதாவது நிமிஷம் குறட்டை விட்டதாக மனைவி சொன்னாள். ஆனால் 2011-லிருந்து கணக்குப் போட்டால் எப்படியும் அறுபது, எழுபது இந்திப் படங்கள் தேறும். எல்லாமே ரயிலில், பஸ்ஸில், விமானத்தில், இல்லாவிட்டால் இந்த மூன்றுக்கும் காத்திருந்த பெஞ்சில் பார்த்தவை.

எனக்குக் கோவையில் நூற்பாலை இயந்திரங்களுக்கு சர்வீஸ் பார்க்கும் வேலை. ரிங் ஃபிரேம் எங்கே மக்கர் பண்ணுகிறதோ அங்கே பையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். லூதியானா, ராஜஸ்தானின் பில்வாரா, சூரத் இந்த மூன்றும்தான் அதிகம். கோவையிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் ஏறினால் டெல்லி போய்ச் சேர இரண்டு ராத்திரி ஆகும். அவ்வளவு நேரம் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? முதல் வருஷம் புத்தகம் கொண்டுபோனேன். இரண்டாவது வருஷத்திலிருந்து படம்தான்.

எனக்குப் பிடித்த நடிகர் என்று இந்தியில் யாரும் கிடையாது. யார் யாருக்கு மகன், யாருக்கு யாரோடு சண்டை என்பதெல்லாமும் தெரியாது. ஆகவே இதை விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய வண்டி வைத்திருப்பவன் மைலேஜ் சொல்வது மாதிரி, ஓட்டிப் பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் பார்த்த முதல் படத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. பில்வாராவிலிருந்து ராத்திரி பஸ். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன டிவி. அதில் சன்னி தியோல் நடித்த ‘கதர்’ ஓடியது. 2001-ல் வந்த படம். நான் பார்த்தபோதே பத்து வயசு தாண்டியிருந்தது. பிரிவினைக் காலக் கதை, லாகூர் போய் மனைவியை மீட்டு வருகிறான் என்ற அளவில் புரிந்தது. நாலு பக்கமும் ஆட்கள் சூழ்ந்து நிற்க, அவர் தரையில் நட்டிருக்கும் அடிபம்பைக் கையால் பிடுங்கும் காட்சி வந்தது. பம்ப் பாதி வெளியே வந்த நேரத்தில் சிடி சிக்கி, படம் சதுரம் சதுரமாக உறைந்துவிட்டது.

பஸ்ஸே கொதித்தது. கிளீனர் பையன் சிடியை வெளியே எடுத்து, வாயால் ஊதி, தன் சட்டையின் உள்பக்கத்தில் துடைத்து மறுபடி போட்டான். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அப்போது என் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி, பம்பைப் பிடுங்கி, சுற்றியிருந்தவர்களை அடித்துக் காண்பித்தார். பின்சீட்டிலிருந்து வசனம் வந்தது. ஆளுக்கொரு பாகமாக அந்தக் காட்சியை முடித்துவைத்தார்கள். எனக்குப் பாதி வார்த்தை புரியவில்லை, ஆனால் ஒரு காட்சியும் விட்டுப்போகவில்லை. அதே படத்தைப் பின்னாளில் போனில் தனியாகப் போட்டுப் பார்த்தேன். அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. அந்தப் படத்துக்கு அந்த பஸ் தேவைப்பட்டிருக்கிறது.

போன் திரைக்கு வேறு கணக்கு. பெரிய செட், நூறு பேர் நடனம், வானத்திலிருந்து ஹீரோ குதிப்பது எல்லாம் உள்ளங்கை அகலத் திரையில் எறும்புப் புற்றாகத்தான் தெரியும். போதாததற்கு ஜன்னலுக்கு வெளியே கோதாவரி பாலம் வந்துவிட்டால் முடிந்தது, எந்தப் பெரிய படமும் அதனிடம் தோற்றுப்போகும். இரண்டு பேர் ஓர் அறையில் பேசுவது, ஒரு முகம் யோசிப்பது, ஒரு பொய் மாட்டிக்கொள்வது, இப்படிப்பட்ட படங்கள்தான் ரயிலில் நிற்கின்றன. நடுவில் டீக்காரர் வந்து போனாலும், டிக்கெட் பரிசோதகர் வந்து போனாலும் இழை அறுவதில்லை.

அப்படி நின்ற படங்களில் ஒன்று கிரண் ராவின் ‘லாபதா லேடீஸ்’. 2024-ல் தியேட்டருக்கு வந்தது. ஒரே மாதிரி முக்காடு போட்ட இரண்டு புதுப்பெண்கள் ஒரே ரயில் பெட்டியில் வருகிறார்கள். அவசரத்தில் மாப்பிள்ளை ஒருவன் தவறான பெண்ணைக் கைப்பிடித்து இறக்கிக்கொண்டு போய்விடுகிறான். கேட்கும்போது சிரிப்பாக இருக்கும். அசல் பெண் ஏதோ ஒரு ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டு, புருஷன் ஊர்ப் பெயர்கூடச் சரியாகத் தெரியாமல் நிற்கும்போது சிரிப்பு போய்விடுகிறது. பிளாட்பாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா அவளைச் சேர்த்துக்கொள்கிறாள். அந்தக் கடை, பெஞ்சு, இருட்டில் கடந்துபோகும் ரயில் எல்லாவற்றையும் நான் படத்திலும் பார்த்தேன், தலையைத் திருப்பி ஜன்னலிலும் பார்த்தேன். திரையும் ஜன்னலும் ஒன்றாகிப்போன மாதிரி இருந்தது. மாறாக, ரயிலுக்குள் முழுக்க வெட்டுக்குத்து நடக்கும் ‘கில்’ படத்தை ராத்திரிப் பயணத்தில் பார்க்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன், பாத்ரூம் போகவே யோசனையாக இருந்தது.

ரத்லாம் கதையும் இதே வகைதான். ‘ஜப் வீ மெட்’ 2007-ல் வந்த படம். தமிழில் ‘கண்டேன் காதலை’ ஆனது. கதாநாயகி ரத்லாம் ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிடுவாள். பில்வாராவிலிருந்து சூரத் போகும் வழியில் என் ரயில் அதே ரத்லாமில் நின்றது. படம் பார்த்த புதிது. இறங்கி நாலு எட்டு நடந்துவிட்டு வரலாமே என்று தோன்றியது. ரத்லாம் சேவ் ரொம்பப் பிரசித்தம், நம்ம காராச்சேவுக்குக் கிராம்பு மணம் கொடுத்தால் எப்படியோ அப்படி. ஒரு பொட்டலம் வாங்கிச் சில்லறைக்காக நின்றேன். ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. பாக்கியை விட்டுவிட்டு ஓடி ஏறினேன். படத்தில் அவளுக்கு ஒரு ஷாகித் கபூர் கிடைத்தார். எனக்கு அடுத்த பெட்டியிலிருந்த ஒரு தாத்தாவின் திட்டு கிடைத்தது.

இந்தி மொழி பற்றியும் சொல்லவேண்டும். நான் பள்ளியில் இந்தி படிக்கவில்லை. மில்லில் கற்றுக்கொண்ட இந்தி ஸ்பேனர் இந்தி: ‘கோலோ’, ‘பந்த் கரோ’, ‘தேல் டாலோ’, அதாவது திற, மூடு, எண்ணெய் ஊற்று. மிச்சமெல்லாம் படத்தில் பொறுக்கியது. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சினிமா இந்தியில், அதுவும் பழைய படங்களில், உருது தாராளமாகக் கலந்திருக்கும். காதலும் கோபமும் மன்னிப்பும் அதில்தான் அழகாக வரும். ஒருநாள் பில்வாரா மில்லுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமே என்று, ராஜா தர்பார் படமொன்றில் பிடித்துவைத்திருந்த ‘குஸ்தாகி மாஃப்’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். என் அதிகப்பிரசங்கித்தனத்தை மன்னியுங்கள் அரசே என்கிற தொனி அதற்கு உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. எண்ணெய்க் கறை படிந்த கையோடு நின்ற நாலு ஃபிட்டர்களும் ஒரு விநாடி வாயடைத்துப்போய், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இன்றைக்கும் அந்த மில்லில் எனக்குப் பெயர் ‘ஷாயர் சாப்’, அதாவது கவிஞர் ஐயா. பேரிங் மாற்றப் போகிற கவிஞர்.

புதுப்படங்களில் இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. இப்போது கதைகள் மும்பையை விட்டுச் சின்ன ஊர்களுக்குப் போய்விட்டதால், வட்டார வழக்கு பிய்த்து உதறுகிறது. அனுராக் காஷ்யப்பின் ‘கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர்’ 2012-ல் இரண்டு பாகமாக வந்தது, சேர்த்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். தன்பாத் நிலக்கரிக் கும்பல்களின் கதை. நான் முதல் பாகத்தைப் போகும்போதும் இரண்டாம் பாகத்தைத் திரும்பும்போதும் பார்த்தேன். எதிர் பெர்த்தில் இருந்த பஞ்சாப்காரருக்கே பாதி வசனம் பிடிபடவில்லை என்றதும் எனக்குப் பரம நிம்மதி. படத் தொடக்கத்தில் பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் நன்றி போட்டிருப்பார்கள். மதுரைப் படங்களின் அருவாளும் சொந்தபந்தப் பகையும் எங்கோ நிலக்கரிச் சுரங்க ஊரில் போய் முளைத்திருப்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. அந்தக் கர்வத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்ததில் இயர்போன் ஒயர் இழுபட்டுக் கழன்றது. கழன்ற நேரம் பார்த்து ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்தின் மொத்தக் குடும்பத்தையும் இழுத்து வைதுகொண்டிருந்தது. முழுச் சத்தத்தில். பெட்டியில் இரண்டு குழந்தைகள், ஒரு சாமியார். அதிலிருந்து ஒயர் இல்லாத இயர்போன்தான்.

விமானத்தில் பார்த்தது குறைவு. உள்நாட்டு விமானத்தில் கண்ணை மூடித் திறப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். 2019-ல் துருக்கியில் ஒரு மில் வேலைக்குப் போனபோதுதான் சீட்டின் முதுகில் திரை கிடைத்தது. அதில் ஸ்ரீராம் ராகவனின் ‘அந்தாதுன்’. பார்வையற்றவனாக நடிக்கும் பியானோக்காரன், பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிடுகிறான். தபு கதவைத் திறக்கிற அந்த இடத்தில் நான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பணிப்பெண் இரண்டு தடவை கேட்டபிறகுதான் கொடுத்தேன். படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, தரையிறங்கப் போகிறோம் என்று எல்லாத் திரையையும் அணைத்துவிட்டார்கள். வேலை பார்த்த நாலு நாளும் மண்டைக்குள் அதுதான். திரும்பும் விமானத்தில் கடைசிப் பத்து நிமிஷத்தைப் பார்த்தேன். பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பத்து நிமிஷம் எதையும் தீர்த்துவைக்காது. பிறகு 2024-ல் பிரசாந்த் நடித்து ‘அந்தகன்’ என்று தமிழில் வந்தது. அதில் தபு இடத்தில் சிம்ரன்.

எரிச்சல்களும் உண்டு. கல்யாணம் என்றால் பஞ்சாபிக் கல்யாணம்தான், ஒரு படத்தில் பாதி நேரம் அதிலேயே போய்விடும். நம்மவர்கள் திரையில் வந்தாலே ‘ஐயோ’ என்றபடிதான் வருகிறார்கள். ‘ரா ஒன்’ படத்தில் தமிழராக வரும் ஷாருக் கான் நூடுல்ஸில் தயிர் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார். 2011-ல் வந்தது அது. வந்த புதிதில் சூரத்தில் ஒரு சின்னப்பையன் என்னைப் பார்த்து, ரொம்ப மரியாதையோடு, ‘நீங்களும் அப்படித்தானா அண்ணா?’ என்று கேட்டான். இல்லை தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல? நம் படங்களில் வரும் சேட்டு ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று பேசுவதை நினைத்தால் ரொம்பக் கோபப்படவும் முடியவில்லை.

தமிழ் டப்பிங் இருந்தால் போட்டுக்கொள்வேனா என்று கேட்பார்கள். மாட்டேன். வாய் ஒன்று சொல்ல, காது ஒன்று கேட்க, அரைமணியில் தலைவலி. சப்டைட்டில் ரயிலில் சரி, மலைப்பாதை பஸ்ஸில் வாந்திக்கு உத்தரவாதம். டவுன்லோட் செய்துவைத்த படம் சில நாளில் காலாவதியாகிவிடும், அதைக் காட்டுக்குள் சிக்னல் இல்லாத இடத்தில்தான் அது நமக்குச் சொல்லும். கிளம்புகிற அன்று காலையில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

இத்தனையிலும் ஒரு படம் என்றால் ‘தி லஞ்ச்பாக்ஸ்’. ரித்தேஷ் பத்ரா இயக்கி 2013-ல் வெளியானது. மும்பையில் வீட்டுச் சாப்பாட்டை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் டப்பாவாலாக்கள். அவர்கள் கொண்டுபோகும் சாப்பாட்டுக்கூடை ஒன்று தவறான மேசைக்குப் போய்விடுகிறது. ஓய்வு பெறப்போகும் கணக்கர் ஒருவர், இர்ஃபான் கான், யாரோ ஒரு பெண் யாருக்கோ சமைத்ததைச் சாப்பிடுகிறார். டப்பாவுக்குள் சீட்டு போகிறது, சீட்டு வருகிறது. அவ்வளவுதான் கதை. 2018-ல் டெல்லியிலிருந்து ஊர் திரும்பும்போது பார்த்துக்கொண்டிருந்தேன். போபாலில் ஏறிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஓரக்கண்ணால் பார்த்தார். அப்புறம் நேராகவே பார்க்க ஆரம்பித்தார். நான் ஒரு பக்க இயர்போனை நீட்டினேன். துடைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார்.

இர்ஃபான் டப்பாவின் மூடியைத் திறந்து முகர்கிற காட்சியில் பெரியவர் படத்தை நிறுத்தச் சொன்னார். பையிலிருந்து தன் டப்பாவை எடுத்தார். பூரி, காய்ந்த உருளைக்கிழங்கு சப்ஜி, எண்ணெய் ஊறிய மாங்காய் ஊறுகாய். ‘பாரு பேட்டா, என் டப்பாவில் சீட்டெல்லாம் வராது. வந்தால் மளிகைச் சாமான் லிஸ்ட்தான் வரும்’ என்றார். இரண்டு பூரியை என் கையில் வைத்தார். நான் சேலத்து மாம்பழ மிட்டாய் கொடுத்தேன். சாப்பிட்டு, கை கழுவி வந்து, மறுபடி ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். புரியாத இடத்தில் அவர் எனக்குச் சொன்னார். ஆங்கிலத்தில் வந்த இடத்தில் நான் அவருக்குச் சொன்னேன்.

நாக்பூர் வந்துவிட்டது. படம் இன்னும் இருபது நிமிஷம் பாக்கி. பெரியவர் அவசர அவசரமாகப் பையைத் தேடி, டப்பாவை மறந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு இறங்கினார். ரயில் கிளம்பும்போது ஏசி பெட்டியின் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று, இரண்டு கை ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று ஒட்டிக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். சேர்ந்தார்களா இல்லையா என்று கேட்கிறார். நான் இன்னும் பார்க்கவில்லையே என்று போனைத் தூக்கிக் காட்டினேன். அதற்குள் பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

பல்லார்ஷா வருவதற்குள் பார்த்து முடித்தேன். அவர் அங்கேயே நின்றிருந்தாலும் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. இரண்டு விரலையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுபோய், ஒட்டாமல் காட்டியிருப்பேன்.