படிவத்தில் நாயின் வயதுக்கு இடமில்லை: தடைதாண்டும் பயிற்சியில் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

எட்டு மாதம் நிரம்பிய என் நாய் மணியை அஜிலிட்டி எனப்படும் தடைதாண்டும் ஓட்டப் பயிற்சியில் சேர்க்கச் சென்றபோது, என் டி-ஷர்ட் அளவைக்கூடக் கேட்ட அந்தப் பயிற்சிக்கூடத்தின் படிவம், நாயின் வயதைக் கேட்கவில்லை. அச்சுப் பிழையாக இருக்கும் என்று எண்ணி, முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டிவிட்டு வந்தேன்.

மூன்றே மாதத்தில் போட்டிக்குத் தயார் செய்துவிடுவோம் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. இவ்விளையாட்டுக்குப் பன்னாட்டு விதிகளை வகுக்கும் எஃப்.சி.ஐ. கூட்டமைப்பு, 18 மாதம் நிறைவடையாத நாயைப் போட்டியில் அனுமதிப்பதில்லை. எட்டோடு மூன்றைக் கூட்டினால் பதினொன்றுதான் வரும் என்ற கணக்கைப் போட்டுப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் நாளே என் முழங்கால் உயரத் தடையைத் தாண்டச் சொன்னார்கள். முறையான தடையில் குறுக்குக் கம்பு தாங்கிகளின்மேல் சும்மா அமர்ந்திருக்கும். நாயின் கால் பட்டால் கீழே விழுந்துவிடும். அங்கே இருந்ததோ இருபுறமும் பற்றவைக்கப்பட்ட இரும்புக் குழாய். மணி தயங்கியபோது பயிற்சியாளர் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார். நான் தடுத்ததற்கு, இது ராணுவ நாய்களுக்கான பயிற்சி, கண்டிப்பு இல்லாமல் நடக்காது என்றார். உண்மையில் இது 1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகள் தடைதாண்டும் போட்டியைப் பார்த்து, பார்வையாளர்களை மகிழ்விப்பதற்காக அமைத்த விளையாட்டு. போட்டியில் நாய் கயிறின்றி ஓட வேண்டும், கூட ஓடுபவர் அதைத் தொடவும் கூடாது என்னும்போது, இழுத்துப் பழக்குவதில் என்ன பயன்?

மூன்றாவது வகுப்பில் சீசா பலகையில் ஏற்றினார்கள். நடுப்பகுதியைக் கடந்ததும் பலகை சட்டெனச் சாய்ந்து தரையில் மோத, அந்த ஓசையில் மிரண்ட மணி பக்கவாட்டில் குதித்தது. மறுநாள் காலை இடது முன்னங்காலை ஊன்றாமல் மூன்று காலில் நொண்டிக்கொண்டு தண்ணீர்க் கிண்ணத்திடம் வந்தது.

எக்ஸ்ரேவைப் பார்த்த கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, வயது என்ன என்பதுதான். வளரும் நாயின் நீள எலும்புகளின் நுனியருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கும் என்றும், அது எலும்பாகி மூட ஏறத்தாழ ஒரு வருடமும், பெரிய இன நாய்களுக்கு அதற்கு மேலும் ஆகும் என்றும், அதுவரை உயரத் தாண்டலும் கம்பங்களுக்கிடையே வளைந்து ஓடுவதும் ஆகாதென்றும் விளக்கினார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை, தசைப்பிடிப்போடு போயிற்று. நான்கு வாரம் ஓய்வு.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, கோழை நாயை அழைத்து வந்தது உங்கள் தவறு என்று பதில் வந்தது.

சேர்க்கும் முன், நாயை வீட்டில் விட்டுவிட்டு ஒரு வகுப்பை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். ஒரு தடையைக் கையால் தட்டியிருந்தாலே எனக்கு உண்மை விளங்கியிருக்கும். குட்டிகளுக்கான தொடக்க வகுப்பில் உயரம் என்பதே இருக்காது. அழைத்தால் வருவது, சொன்னால் நிற்பது, இருபுறமும் உடன் ஓடுவது, நேரான குட்டைக் குழாய்க்குள் நுழைந்து வெளிவருவது ஆகியவையே பெரும்பகுதி. தரையில் கிடத்திய கம்புகளுக்கிடையே நிதானமாக நடக்க வைப்பதும் முக்கியம், ஏனெனில் பின்னங்கால்கள் எங்கே இருக்கின்றன என்பதே பல நாய்களுக்குத் தெரியாது (வேடிக்கையாகத் தோன்றும், உங்கள் நாயைப் பின்னோக்கி நடக்கச் சொல்லிப் பாருங்கள்). ஏறி இறங்கும் பலகைகளின் முனையில் வேறு நிறம் பூசிய பகுதியில் கால் பதித்தே இறங்க வேண்டும் என்ற விதி, உச்சியிலிருந்து குதிப்பதைத் தடுப்பதற்கானது. அதையும் முதலில் தரையில் வைத்த பலகையில்தான் பழக்குவார்கள்.

கால் குணமாகிவிட்டது, பயம் போகவில்லை. சமையலறையில் தட்டு விழுந்தால்கூட மணி என் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இப்போது ஓர் அகலப் பலகையின் அடியில் மடித்த போர்வையை வைத்து, ஓசை வராதபடி லேசாக அசையவிட்டு, அருகில் தின்பண்டத்துடன் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று தானாகவே ஒரு முன்னங்காலை அதன்மேல் வைத்தது. பலகை அசைந்ததும் எடுத்துக்கொண்டது.