ஆன்டலோப் கேன்யனில் ட்ரைபாட் டூர், விளிம்பில் டென்ட்: 790 டாலர் கட்டி ஏமாந்த கதை

அரிசோனாவின் பேஜ் ஊருக்கு, ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைச் சந்தைப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் யாராவது இருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன ஏப்ரலில் நானும் என் கணவரும் 790 டாலர் கட்டிவிட்டு, சொன்னதில் ஒன்றுகூடக் கிடைக்காமல் திரும்பினோம். பணம் போனது ஒரு பக்கம். அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் கொள்ளாமல் ராத்தங்கிய ஆட்களாகவும் எங்களை ஆக்கிவிட்டார்கள்.

நாங்கள் இருப்பது சாண்ட்லரில். பேஜ் ஊருக்கு வண்டியில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். எட்டு வருடமாக நான் நிலக்காட்சிப் படங்கள் எடுக்கிறேன். பெரும்பாலும் சனிக்கிழமை விடியற்காலை சூப்பர்ஸ்டிஷன் மலைப் பக்கம் போய்விட்டு, வீட்டில் எல்லோரும் எழுவதற்குள் திரும்பிவிடுவதுதான் என் போட்டோகிராபி. பத்தாவது கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று கணவர் கேட்டபோது, ஒரே ஒரு நாள் ஆன்டலோப் கேன்யனில் அவசரம் இல்லாமல் படம் எடுக்க வேண்டும், ராத்திரி டென்ட் போட்டு நட்சத்திரம் எடுக்க வேண்டும் என்றேன். பிள்ளைகளைத் தோழி வீட்டில் விட ஏற்பாடு செய்துவிட்டு, அவரே தேடி ஒரு பயண ஏற்பாட்டாளரைப் பிடித்தார்.

விளம்பரப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். சிவந்த பாறைச் சந்தின் நடுவே ட்ரைபாடை நிறுத்திவிட்டு ஒரு பெண் வியூஃபைண்டரில் குனிந்திருப்பார். அவருக்கு முன்னால் மேலிருந்து ஒற்றை ஒளிக்கற்றை விழும். ஊரில் எங்கள் ஆச்சி வீட்டு அடுப்படியில் ஓடுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். உச்சி வெயில் அதன் வழியே இறங்கி, அடுப்புப் புகையில் தூண் மாதிரி நிற்கும். கேன்யனில் அப்பர், லோயர் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. அப்பர் ஆன்டலோப்பின் ஒளிக்கற்றையும் அப்படித்தான். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, நடுப்பகலை ஒட்டிய சிறிது நேரத்துக்குத்தான் வெயில் அடி வரை இறங்கும். அந்த நேரத்து டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், விலையும் கூடுதல்.

அவர்கள் எழுதிக் கொடுத்தது இதுதான். அப்பர் கேன்யனில் ஒளிக்கற்றை விழும் நேரத்தில் அனுமதி, ட்ரைபாடுடன் உள்ளே இரண்டு மணி நேரம், கூட ஆறு பேருக்கு மேல் கிடையாது, இரவு கேன்யன் விளிம்பில் டென்ட். ‘நவஹோ அனுமதி எல்லாம் எங்கள் பொறுப்பு’ என்று தனியாக ஒரு வரி. கேன்யன் இருப்பது நவஹோ பூர்வகுடிகளின் தன்னாட்சி நிலமான நவஹோ நேஷனில். ஒருவருக்கு 395 டாலர். முன்பணம் 300 டாலரைக் கார்டில் வாங்கினார்கள். மீதி 490ஐ ஜெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் சேவை) அனுப்புங்கள், கார்டு என்றால் கட்டணம் கூடும் என்றார்கள். அனுப்பினோம். அந்த இடத்திலேயே நாங்கள் நின்று யோசித்திருக்க வேண்டும்.

பேஜ் போய்ச் சேர்ந்த காலையில், அதிகாரம் பெற்ற நவஹோ டூர் நிறுவனத்தின் கவுன்டரில் எங்கள் தாளைக் காட்டினோம். அங்கிருந்த பெண் கணினியில் பார்த்துவிட்டு, “உங்கள் பெயரில் இரண்டு சாதாரண டிக்கெட் இருக்கிறது, மதியம் இரண்டரைக்கு” என்றார். போட்டோ டூர் என்றுதானே பதிவு செய்தோம் என்றேன். என் தோளில் தொங்கிய ட்ரைபாடை அவர் அப்போதுதான் பார்த்தார். சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். ட்ரைபாட், மோனோபாட், செல்ஃபி ஸ்டிக், பை எதுவும் உள்ளே அனுமதி இல்லை. அப்பர் கேன்யனில் போட்டோ டூரையே நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன என்றார். என்னைப் போல வாரத்துக்கு ஒருவராவது இப்படி வந்து நிற்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்திலேயே ஒரு சங்கடம் தெரிந்தது.

அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டு சாதாரண டிக்கெட்டுக்கான பணம் மட்டும்தான். நாங்கள் கட்டியதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஒளிக்கற்றை நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டோம். அன்றைக்கும் மறுநாளைக்கும் இடமே இல்லை. ஏற்பாட்டாளருக்கு போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெசேஜுக்கு மட்டும், ‘விதிகள் மாறியிருக்கலாம், டென்ட் இடம் தயாராக இருக்கிறது’ என்று பதில் வந்தது.

இரண்டரைக்கு உள்ளே போனோம். மணல் ஓடையில் வண்டி குலுங்கிக்கொண்டு போய், பாறையில் ஒரு பிளவின் முன்னால் நின்றது. நவஹோ மொழியில் அந்த இடத்தின் பெயருக்கு, பாறைகளின் ஊடே தண்ணீர் ஓடும் இடம் என்று பொருள். உள்ளே கையால் தடவிப் பார்த்தால் சுவர் முழுக்கத் தண்ணீர் போன வழி தெரிகிறது. குயவர் சக்கரத்தில் விரல் ஓடின தடம் போல வளையம் வளையமாக. ஒளிக்கற்றை அந்த நேரத்தில் இல்லை. மேலே ஆரஞ்சு, கீழே வரவர ஊதா. எங்கள் வழிகாட்டி ஓர் இளம்பெண். பன்னிரண்டு பேரை நகர்த்திக்கொண்டே, எந்த மூலையில் நின்று மேலே பார்க்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் காட்டினார். கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 1600க்கு ஏற்றி, சுவரில் முழங்கையை ஊன்றி, கையிலேயே பிடித்து எடுத்தேன். அவற்றில் நாலைந்து நன்றாகவே வந்திருக்கின்றன. உள்ளே போகும் முன் ஒரே ஒரு அகலக்கோண லென்ஸை மாட்டிக்கொள்ளுங்கள். மேலேயிருந்து மணல் பொடி கொட்டிக்கொண்டே இருப்பதால், உள்ளே லென்ஸ் மாற்றினால் சென்சார் போய்விடும்.

வழிகாட்டி இல்லாமல் யாரையும் ஏன் விடுவதில்லை என்பதையும் அந்தப் பெண் சொன்னார். 1997 ஆகஸ்ட் 12 அன்று லோயர் ஆன்டலோப்பில் வெள்ளம் புகுந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். கேன்யன் இருந்த இடத்தில் பெரிய மழை இல்லை. மேட்டுப் பக்கம் பல மைல் தள்ளிக் கொட்டிய மழை, ஓடை வழியே வந்து சந்துக்குள் சுவராக இறங்கிவிட்டது. ஏணி மரத்தில் இருந்த காலம் அது. இப்போது இரும்புப் படிகள். இதைக் கேட்ட பிறகு, ‘கேன்யனில் டென்ட்’ என்று விற்கிறவர்கள் மேல் எனக்கு வந்தது சாதாரணக் கோபம் இல்லை.

சரி, டென்டாவது இருக்கும் என்று நம்பி, அனுப்பிய மேப் பின்னைத் தொடர்ந்து போனோம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஆறு மைல் மண் பாதை. கடைசி அரை மைல் வெறும் மணல், வண்டியின் பின்சக்கரம் இரண்டு இடத்தில் சுழன்றது. போய்ச் சேர்ந்த இடத்தில் ஆள் யாரும் இல்லை. ஒரு மேட்டோரம் சாயம் போன டென்ட் ஒன்று, இரண்டு மடக்கு நாற்காலி, தண்ணீர் கேன். கேன்யன் விளிம்பு என்றார்களே, அங்கிருந்து பார்த்தால் ஆளுயரத்துக்கு ஒரு மண் ஓடைதான் தெரிந்தது. திரும்பிவிடலாம் என்றேன். இருட்டிக்கொண்டு வந்தது. அந்த மணலில் ராத்திரி வண்டியைத் திருப்ப அவர் பயந்தார். அது நியாயமான பயம்தான்.

எட்டு மணிக்குக் காற்று எழுந்தது. ஏப்ரலில் அந்தப் பக்கம் காற்று பலமாக அடிக்கும். டென்ட் முளைகள் சாதாரண மெல்லிய கம்பிகள்; மணலில் அவை நிற்காது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. நாங்கள் கல் தேடி வைத்து, அது போதாமல் தண்ணீர் கேனையும் கயிற்றில் கட்டினோம். ஜிப்பை முழுக்க இழுத்து மூடியும் மணல் உள்ளே வந்தது. காலையில் என் காதுக்குள், பல்லிடுக்கில், கேமரா பையின் தையலில் எல்லாம் சிவப்பு மணல். பால்வீதி எழும் நேரம் என்று விடியற்காலை இரண்டு மணிக்கு வெளியே வந்து பார்த்தேன். வானம் முழுக்கப் புழுதி. “விடும்மா, வா, வந்து படு” என்று அவர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். அவர் குரல் கம்மியிருந்தது. ஆசை ஆசையாக அவரே தேடி ஏற்பாடு செய்தது இப்படி ஆகிவிட்டதே என்று அந்த மனுஷன் ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லை.

காலை ஆறரைக்கு ஒரு பிக்கப் வந்து நின்றது. வயதான ஒரு நவஹோ பெரியவர், கூட ஒரு நாய். அவர் சத்தம் போடவில்லை. எங்கே இருந்து வருகிறீர்கள், யார் இங்கே தங்கச் சொன்னது என்று கேட்டார். தாளைக் காட்டினோம். மெதுவாகப் படித்தார். “இது என் அம்மாவின் மேய்ச்சல் நிலம். ஆடுகள் அந்த ஓடை வழியாகத்தான் தண்ணீருக்குப் போகும். யாருக்கும் நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை” என்றார். அந்த மாதத்தில் நாங்கள் மூன்றாவது ஜோடியாம். டென்டை ஒருமுறை அவர் பிரித்து வேலியோரம் வைத்தாராம், யாரோ வந்து மறுபடி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

என் அப்பாவுக்கும் ஊரில் புஞ்சைக் காடு இருக்கிறது. முன்பின் தெரியாத ஆட்கள் வந்து அதில் படுத்துக் கிடந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் பரவாயில்லை என்பது போலத் தலையை அசைத்துவிட்டு எங்கள் வண்டியைப் பார்த்தார். “இப்படியே எடுத்தால் புதைந்துவிடும்” என்று சொல்லி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயர் வால்வில் சாவி முனையை அழுத்தி நான்கு சக்கரத்திலும் காற்றைக் குறைத்தார். 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் அகலமாகி மணலைப் பிடிக்கும். அவர் முன்னால் போக, அந்தத் தடத்திலேயே நாங்கள் பின்னால் போய் நெடுஞ்சாலை ஏறினோம். பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. எங்கள் போனில் இருக்கும் பின்னை அழிக்கச் சொன்னார், அவ்வளவுதான். அவர் கண் முன்னாலேயே அழித்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அங்கே நவஹோ நிலத்தில் ஆளில்லாத வெட்டவெளி என்று கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் ஏதோ ஒரு குடும்பத்தின் மேய்ச்சல் நிலம். டென்ட் போட நவஹோ நேஷனின் பூங்காத் துறை தரும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஆன்டலோப் கேன்யனில் இரவு தங்கவே முடியாது. 1997இலிருந்து வழிகாட்டி இல்லாமல் பகலில்கூட நுழைய முடியாது. ஆகவே அங்கே தங்கும் பேக்கேஜ், ட்ரைபாட் பேக்கேஜ் என்று யார் விற்றாலும், எந்த நவஹோ நிறுவனத்தின் பெயரில் பதிவு, எத்தனை மணிக்கு என்று கேட்டு வாங்கி, அந்த நிறுவனத்துக்கு நீங்களே போன் போட்டு உறுதி செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை. நாங்கள் அதைச் செய்திருந்தால் எல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கும். நேரத்தையும் அரிசோனா நேரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் நவஹோ நேஷன் ஒரு மணி நேரத்தை முன்னே தள்ளி வைக்கும், அரிசோனா தள்ளாது. பேஜ் பக்கத்தில் போன் கடிகாரம் தானாக மாறிக்கொண்டே இருக்கும்.

டென்ட் போட ஆசை என்றால், பேஜ் தாண்டி உட்டா எல்லைக்குள் லேக் பவல் கரையில் லோன் ராக் பீச் இருக்கிறது. தேசியப் பூங்காத் துறையின் இடம், கட்டணம் கட்டி முறையாகத் தங்கலாம். அங்கும் மணல்தான், ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டியைக் கரை வரை இறக்காதீர்கள். மணலுக்கென்று விற்கும் அகலமான முளைகளை வாங்கிக்கொண்டு போங்கள். ஹார்ஸ்ஷூ பெண்டுக்கு யாருடைய பேக்கேஜும் தேவையில்லை. பார்க்கிங் 10 டாலர், பத்துப் பதினைந்து நிமிட நடை, கீழே 300 மீட்டர் ஆழத்தில் கொலராடோ ஆறு வளைந்து போகும். திரும்பும் வழியில் அதையாவது பார்ப்போம் என்று நின்றோம். அன்று நான் நிம்மதியாக எடுத்த படம் அது ஒன்றுதான்.

பணம்? கார்டில் கட்டிய 300 டாலர் திரும்பி வந்தது. விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், அவர்கள் எழுதிக் கொடுத்த தாள், கவுன்டரில் தந்த இரண்டரை மணி டிக்கெட், விதிப் பலகையின் படம் நான்கையும் வைத்து, பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் தகராறு (dispute) பதிந்தோம். ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். ஜெல்லில் போன 490 டாலர் போனதுதான். நீங்களே மனமொப்பி அனுப்பிய பணம் என்று வங்கியில் கையை விரித்துவிட்டார்கள். அரிசோனா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.

நேற்று ராத்திரி எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில், இந்த வசந்த காலத்துக்கு என்று ஒருவர் அதே விளம்பரத்தைப் பகிர்ந்திருந்தார். அதே சிவந்த பாறை, அதே ட்ரைபாட், குனிந்து நிற்கும் அதே பெண். விலை மட்டும் ஒருவருக்கு 425 ஆகியிருக்கிறது. அவரை உடனே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். உங்கள் குழுவிலும் அந்தப் படம் வந்தால் இதைக் காட்டுங்கள்.