டிரைக்கோகிரம்மா அட்டை: வாங்கும் முன் பெண் எத்தனை என்று கேளுங்கள்

காய்ப்புழுவுக்கு முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டுகிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது, "அது வேலை செய்யுமா?" நன்றாகவே செய்யும். ஆனால் எந்த அட்டையை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துப் பலன் ரொம்பவே மாறுகிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அட்டையில் ஒருவகை அந்துப்பூச்சியின் முட்டைகளைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அவற்றுக்குள் அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள டிரைக்கோகிரம்மா குளவி வளர்வதால் முட்டைகள் கறுத்திருக்கும். அட்டையைத் துண்டுகளாக வெட்டி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் மாட்ட வேண்டும். வெளியே வரும் குளவிகள் காய்ப்புழுவின் முட்டைகளைத் தேடிப்பிடித்து அவற்றுக்குள் தங்கள் முட்டையை வைத்துவிடும். அந்த முட்டையிலிருந்து புழு வராது, குளவிதான் வரும்.

இப்படித் தேடிப்போய் முட்டையிடுவது பெண் மட்டுமே. ஆண் இணை சேர்வதோடு சரி. அதனால் ஓர் அட்டையின் உண்மையான மதிப்பு அதில் எத்தனை பெண் என்பதில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த எந்த உறையிலும் அது அச்சிடப்படவில்லை. முட்டை எண்ணிக்கை மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது.

நான் இரண்டு இடங்களில் வாங்கினேன். பார்வைக்கு வித்தியாசமே இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துண்டை வெட்டிக் கண்ணாடிக் குழாயில் போட்டுப் பஞ்சால் அடைத்து வைத்தேன். ஆண்கள்தான் முதலில் வெளியே வரும். அவசரப்பட்டு எண்ணினால் கணக்கு தப்பாகிவிடும். எல்லாம் வந்து முடிந்த பிறகு லென்ஸில் பார்த்தால் ஆணின் உணர்கொம்பில் நீளமான முடிகள் தெரியும், பெண்ணுடையது நுனி தடித்து உலக்கை போல இருக்கும். முதல் இடத்து அட்டையில் பெண்களே மிகுதி. இரண்டாவதில் ஏறக்குறைய பாதி ஆண். விற்றவரிடம் கேட்டேன். முட்டை எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்றார்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? தாயிடமிருந்துதான். இந்தக் குளவிகளில் விந்து சேர்ந்த முட்டை மகளாகிறது, சேராத முட்டை மகனாகிறது. தாய் ஒருமுறை இணை சேர்ந்ததும் விந்தை ஒரு சிறு பையில் சேமித்துக்கொள்கிறது. முட்டையிடும்போது அதைத் திறந்தால் மகள், திறக்காவிட்டால் மகன். இணையே சேராத தாய்க்குப் பிறப்பதெல்லாம் மகன்கள்.

தாய் எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்பதற்கு 1967-இல் ஹாமில்டன் என்ற உயிரியலாளர் ஒரு விளக்கம் தந்தார். ஒரே இடத்தில் ஒரு தாய் மட்டும் முட்டையிட்டால், அதன் மகன்கள் சொந்தச் சகோதரிகளோடுதான் சேர்வார்கள். கூடுதல் மகன்கள் ஒருவரோடொருவர் போட்டியிடுவது வீண். ஓரிருவர் போதும், மீதி மகள்கள். பல தாய்கள் ஒரே இடத்தில் இட்டாலோ, மகனுக்கு மற்றவர்களின் மகள்களும் கிடைப்பார்கள், அதனால் மகன்கள் கூடுவார்கள். ஈயின் கூட்டுப்புழுவில் முட்டையிடும் நாசோனியா குளவியில் வெரன் என்ற ஆய்வாளர் இதை 1980-இல் காட்டினார்: ஏற்கெனவே வேறொரு தாய் முட்டையிட்ட கூட்டுப்புழுவில், இரண்டாவதாக வருவது குறைவாக இடும்போது அதில் மகன்களின் பங்கு ஏறுகிறது. எனக்கு இது படிக்கப் படிக்க அலுக்காத விஷயம். அட்டைக்கும் இது நேரடியாகப் பொருந்துகிறது. கொஞ்சம் முட்டைக்கு ஏராளமான தாய்களை நெருக்கி விட்டு வளர்த்தால் ஆண் பெருகும். இணை சேர நேரம் கொடுக்காவிட்டாலும் அப்படித்தான்.

"முழுக்கப் பெண்" என்று விற்கும் வகைகளும் உண்டு. சில டிரைக்கோகிரம்மா குளவிகளின் உடலில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. விந்து சேராத முட்டையிலும் அது குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி மகளாக்கிவிடுகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் மகன்கள் திரும்ப வருவதை 1990-இல் கண்டுபிடித்தார்கள்; அதிக வெப்பத்தில் வளர்த்தாலும் வருகிறார்கள். ஆனால் பாக்டீரியா உள்ள சில வகைகளில் ஒரு தாய் இடும் முட்டை குறைகிறது. அதனால் முழுக்கப் பெண் என்ற ஒரே காரணத்துக்காக நான் கூடுதல் விலை தர மாட்டேன். வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்த விடும் என்கார்சியா ஃபார்மோசா என்ற குளவியும் இதே பாக்டீரியாவால் பெண்களாகவே பிறப்பது. பசுமைக் குடிலில் அது அருமை.

முதல் இடத்து அட்டைக்கு ஐந்துக்கு நாலரை. எறும்பு ஏறாமல் காக்க உறையில் ஒரு வழியும் சொல்லாததால் அரை குறைத்தேன். இரண்டாவதுக்கு இரண்டு. வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: நூற்றுக்கு எத்தனை பெண் வருகிறது? எந்த வெப்பநிலையில் வளர்க்கிறீர்கள்? முதல் இடத்தில் இரண்டுக்கும் உடனே பதில் வந்தது.